மாதம் ஒரு திருமண நாள்

19 ஜனவரி 2024, வெள்ளி

நாட்குறிப்பின் முதல் பக்கத்தில் பெயர், வயது, தொழில் எல்லாம் கேட்டிருக்கிறார்கள். கோடு போட்ட இடத்தைக் காலியாக விட என்னால் முடியாது. தாமோதரன். நாற்பத்தைந்து. அம்பத்தூரில் வண்டிகளுக்கு பிரேக் செய்யும் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு ஆய்வாளர். 'அவசரத்துக்குத் தொடர்பு கொள்ள வேண்டியவர்' என்ற இடத்தில் சுகந்தி என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன். வேறு ஆள் இல்லை.

இன்று பகல் பதினொன்று நாற்பதுக்கு நானும் சுகந்தியும் பரஸ்பர சம்மதத்துடன் பிரிவதற்கான மனுவில் கையெழுத்துப் போட்டோம். நான்கு இடத்தில் நான், நான்கு இடத்தில் அவள். அவள் ஒவ்வொரு பக்கமாகப் படித்துவிட்டுத்தான் போட்டாள். நான் படிக்கவில்லை. நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தால் மனசில்லாமல் தயங்குகிறேன் என்று நினைத்துவிடுவார்கள். தவிர, வக்கீல் ஆபீஸ் பிரின்டரில் என்ன கோளாறோ, எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. மிடுக்காகப் பேனாவை வாங்கி மடமடவென்று போட்டு, மூடியையும் மூடிக் கொடுத்தேன். சுகந்தி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். என் மிடுக்கை வியக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

முன்னதாக, குடும்ப நல ஆலோசகர் அம்மா அவளிடம் காரணம் கேட்டார். "இவர் குடிக்கறதில்ல மேடம். அடிக்கறதில்ல. சத்தம் போட்டுப் பேசினதுகூட இல்ல. பதினோரு வருஷமா எனக்கு மார்க் போட்டுட்டே இருந்தார். அவ்வளவுதான்" என்றாள்.

மார்க்கெல்லாம் நான் போட்டதே இல்லை. சொல்வேன், அவ்வளவுதான். தோசையின் ஓரம் நடுவைவிடத் தடித்திருந்தால் சொல்வேன். துண்டின் நான்கு முனையும் சேராமல் மடித்திருந்தால் சொல்வேன். அவளுடைய அண்ணன் வீட்டு விசேஷத்தில் அவள் பாடியபோது, போன தடவைக்கு இது பரவாயில்லை என்று சொன்னேன். அது பாராட்டு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

"மனசுல இருக்கறத எழுதிப் பாருங்க சார்" என்று ஆலோசகர் சொன்னதால் இந்த நாட்குறிப்பு. அடுத்த தேதி ஜூலை 19. யோசிக்கச் சட்டம் ஆறு மாதம் தருகிறது. அன்றைக்கு இருவரும் போய் மறுபடி சம்மதம் சொன்னால் முடிந்தது.

21 ஜனவரி, ஞாயிறு

சுகந்தி மீதிச் சாமான்களை எடுத்துக்கொண்டு பெரம்பூரில் இருக்கும் தன் சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாள். போன வருடம் முழுக்க அவள் அறையிலும் நான் ஹாலிலுமாக இருந்தோம். இப்போது முழு வீடும் எனக்கு. நானே தோசை சுட்டேன். ஓரத்தைப் பற்றி எழுதப் போவதில்லை.

2 பிப்ரவரி, வெள்ளி

ரகசிய வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து தகவல் வந்திருக்கிறது. இரண்டு வருடம் முன்பு நானும் சுகந்தியும் தம்பதியாகப் பதிவு செய்திருந்தோம். அதாவது, சாதாரண வாடிக்கையாளர் மாதிரி ஒரு ஓட்டலுக்குப் போக வேண்டும். எத்தனை விநாடியில் வரவேற்றார்கள், எத்தனை நிமிடத்தில் தண்ணீர் வந்தது, கழிப்பறைத் தரை ஈரமா என்றெல்லாம் பார்த்து, அறுபத்து நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதி அனுப்ப வேண்டும். சாப்பாடு அவர்கள் செலவு. குறை கண்டுபிடித்தால் சோறு போடுகிற வேலை உலகத்தில் இருக்கிறது என்று தெரிந்த நாள், என் வாழ்க்கையின் பொன்னாள்.

பிரச்சினை: தம்பதியாகத்தான் போக வேண்டும். கூச்சத்தோடு சுகந்திக்குச் செய்தி அனுப்பினேன். இரண்டு மணி நேரம் கழித்து, 'சரி. சாப்பாடுதானே' என்று பதில்.

10 பிப்ரவரி, சனி

நுங்கம்பாக்கத்தில் ஒரு பெரிய ஓட்டலின் ஆறாவது மாடி. உணவகத்தின் பெயர் டாமரின்ட் டைகர். புளியையும் புலியையும் இப்படி ஒரே பலகையில் சேர்த்தவர் தமிழராகத்தான் இருக்க வேண்டும். ஜப்பான், தாய்லாந்து, பர்மா, வியட்நாம் என்று பாதி ஆசியாவின் சமையலும் அங்கே கிடைக்கும். ஒரு பக்கம் நீளமான மதுக்கூடம். பட்டப்பகலில் திரையெல்லாம் இழுத்துவிட்டு, விளக்கைக் குறைத்து வைத்திருந்தார்கள். வெளிச்சத்துக்கு ஐந்துக்கு ஒன்று கொடுத்தேன்.

கம்பெனியின் உத்தரவுப்படி, மேசை பதிவு செய்யும்போதே 'திருமண நாள்' என்று சொல்லியிருந்தேன். ஊழியர்கள் அதை நினைவு வைத்திருக்கிறார்களா என்று பார்க்க. வைத்திருந்தார்கள். இருபத்திரண்டாவது விநாடியில் எஸ்தர் என்று பெயர்ப்பட்டை குத்திய ஒரு பெண் வந்து, "ஹேப்பி ஆனிவர்சரி சார், மேடம்!" என்றார். சுகந்தி தரையைப் பார்த்தாள். நான் மேசைக்கு அடியில் வாட்ச்சை அமுக்கினேன்.

மெனு கறுப்பு அட்டை, எழுத்து பொன்னிறம். யாரும் படித்துவிடக் கூடாது என்று ரொம்ப யோசித்துச் செய்திருந்தார்கள். அட்டையைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, விரலால் இரண்டு வரிகளைத் தொட்டு, "முதல்ல இது, அப்புறம் இது" என்றேன், வாரம் தவறாமல் வருகிறவன் போல.

எஸ்தர் குரலைத் தாழ்த்தி, "சார், அது ரெண்டும் தொட்டுக்கற சாஸ் சார்" என்றார்.

"தெரியும்மா. எனக்குத் தொட்டுக்கறதுதான் முதல்ல வேணும்."

வந்தது. மிளகாய் எண்ணெய் ஒரு கிண்ணம், வேர்க்கடலைச் சாந்து ஒரு கிண்ணம். அதில் எதைத் தொட்டுக்கொள்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு சுகந்தி எஸ்தரைக் கூப்பிட்டு, கொழுக்கட்டை மாதிரி ஆவியில் வேகவைத்த டிம்சமும் பர்மா நூடுல்ஸும் சொன்னாள்.

அதற்குள் ஆளுக்கொரு சின்னத் தட்டு வைத்துவிட்டு எஸ்தர் எதையோ எடுக்கப் போனார். தட்டில் ஒரு வெள்ளை மாத்திரை. பெப்பர்மின்ட். வெளிநாட்டுச் சாப்பாட்டுக்கு முன்பு வாயைத் தயார் செய்ய இப்படிக் கொடுப்பார்கள் என்று எங்கோ படித்திருக்கிறேன். எடுத்து வாயில் போட்டேன். கொஞ்சம் ஊறியதும் அது விரிய ஆரம்பித்தது. நிற்காமல் விரிந்தது. எஸ்தர் வெந்நீர்க் கூஜாவோடு திரும்பி வந்து, சுகந்தியின் தட்டில் இருந்த மாத்திரை மேல் ஊற்றினார். அது எழுந்து ஒரு கைத்துண்டாக நின்றது.

"என்னங்க," என்றாள் சுகந்தி, "வாயில என்ன?"

பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை. ஒரு முனையைப் பிடித்து மெதுவாக வெளியே இழுத்தேன். சுகந்தி முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு முடியாமல் மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தாள். எஸ்தர் தூணுக்குப் பின்னால் போய்விட்டார். தண்ணீர் வரும் நேரத்தை அளக்க ஓடவிட்ட வாட்ச் ஓடிக்கொண்டே இருந்ததால் எனக்கு விவரம் தெரியும். நாற்பத்தோரு விநாடி.

கேள்வித்தாளில் அதற்குக் கட்டம் இல்லை. 'பிற கருத்துகள்' பகுதியில், 'உடன் வந்தவர் சிரித்தார், 41 விநாடி' என்று எழுதி அனுப்பினேன்.

24 பிப்ரவரி, சனி

கேஸ் சிலிண்டர் வந்தது. சலவைக்காரர் வந்தார். நாற்பத்தோரு விநாடி என்பது உண்மையில் எவ்வளவு நீளம் என்று வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். நீளம்தான்.

5 மார்ச், செவ்வாய்

கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். மூன்று நிமிடம் பேசினார். முக்கியமாக ஒன்றுமில்லை.

6 மார்ச், புதன்

மார்ச் மாத ஆய்வு சனிக்கிழமை, அதே ஓட்டல் என்று சுகந்திக்குச் செய்தி அனுப்பினேன். 'அதே ஓட்டலா?' என்றாள். 'தொடர் ஆய்வு' என்றேன். 'ஓ' என்று பதில் வந்தது. வேறொன்றும் கேட்கவில்லை. சந்தேகமே படத் தெரியாதவள், பாவம்.

9 மார்ச், சனி

சுகந்தி கண் மருத்துவமனையில் பார்வை பரிசோதகர். நாற்காலியில் உட்காரவைத்து, சில்லை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று நாளெல்லாம் கேட்கிற வேலை. அந்தப் பழக்கமோ என்னவோ, எதிராளி பேசும்போது முகத்தையே பார்ப்பாள். இன்றைக்கு முகத்தைப் பார்க்கவில்லை. நான் மெனுவைப் பிடித்திருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டைக் கை இஸ்திரி சரியில்லையோ என்று மடித்துவிட்டுக்கொண்டேன்.

சுகந்தி பாளையங்கோட்டை, எஸ்தர் தூத்துக்குடி என்று இன்று தெரிய வந்தது. அவ்வளவுதான், என்னை மேசையில் விட்டுவிட்டார்கள்.

"நெசமாவா? பாளையங்கோட்டைல எந்தப் பக்கம்?"

"மார்க்கெட்டுக்குப் பின்னாடி. நீ பஸ்ஸுல வரும்போது பாத்திருப்பே."

சென்னையில் எல்லோரோடும் பொதுவான பேச்சு பேசுகிற சுகந்தி, கோபம் வந்தால் அல்லது ரொம்ப மகிழ்ச்சி வந்தால் மட்டும் திருநெல்வேலிக்குப் போய்விடுவாள். கடைசி இரண்டு வருடம் எங்கள் வீட்டில் அவள் கோபத்துக்குக்கூட அந்த ஊருக்குப் போகவில்லை.

இன்று ஒரு சாப்ஸ்டிக்கைக் கீழே போட்டேன். ஊழியர் எத்தனை நேரத்தில் வேறு தருகிறார் என்று பார்க்கத்தான் அது. இரண்டாவது, மூன்றாவது சாப்ஸ்டிக் விழுந்தது ஆய்வின் பகுதி அல்ல. எஸ்தர் கேட்காமலே முள்கரண்டி கொண்டுவந்தார்.

திருமண நாளுக்காக மெழுகுவத்தி ஏற்றிய மாம்பழச் சோறு இலவசமாக வந்தது. சுகந்தியே ஊதி அணைத்தாள்.

13 ஏப்ரல், சனி

மதுவகை ஒன்றாவது வாங்கிச் சுவைக்க வேண்டும் என்பது விதி. நான் குடிப்பதில்லை. சுகந்தியும் குடிப்பதில்லை. இதுவரை ஒன்றை வாங்கி நடுவில் வைத்து, அது ஏதோ பரிசுக் கோப்பை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம். இன்று நன்னாரியும் எலுமிச்சை இலையும் போட்ட ஒன்று புகை கக்கிக்கொண்டு வந்தது. தீ என்று நினைத்து என் தண்ணீரை அதில் ஊற்றப் போனேன். எஸ்தர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"ருசி மட்டும் பாக்கறேன்" என்று சுகந்தி ஒரு வாய் குடித்தாள். பிறகு ருசியை நன்றாக உறுதிப்படுத்திக்கொள்ள இன்னொரு வாய். சாப்பாடு முடிவதற்குள் கோப்பையில் இலை மட்டும் இருந்தது.

அவளிடம் வரும் நோயாளி ஒருவரைப் பற்றிச் சொன்னாள். பஸ் கண்டக்டர். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வரும் வெள்ளெழுத்து அவருக்கும் வந்திருக்கிறது. கண்ணாடி போட வெட்கப்பட்டுக்கொண்டு, தாம்பரம் டிக்கெட்டுக்குப் பதில் கிண்டி டிக்கெட்டாகக் கிழித்துக் கொடுத்துவந்திருக்கிறார்.

"சிலருக்கு வீண் ஜம்பம்" என்றேன்.

"ஆமா" என்றாள் சுகந்தி. என் கையைப் பார்த்துவிட்டு, மேசை மேல் இரண்டு சாப்ஸ்டிக்கை ஒன்றன்பின் ஒன்றாக நீளமாக வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் ஏறியிருக்க வேண்டும்.

2 மே, வியாழன்

எழுதிவிடுகிறேன். வேறு யார் படிக்கப் போகிறார்கள்.

மார்ச் 5-ஆம் தேதி அந்தப் பெண் போனில் சொன்னது இதுதான். அந்த ஓட்டலோடு அவர்களுடைய ஒப்பந்தம் முடிந்துவிட்டது. இனி ஆய்வு இல்லை. மார்ச்சும் ஏப்ரலும் நானாகச் செய்தது. செலவும் என்னுடையது. கேள்வித்தாளையும் அறுபத்து நான்கு கேள்விக்கும் ஒழுங்காக நிரப்பி, யாருக்கும் அனுப்ப முடியாமல் ஃபைலில் போட்டு வைத்திருக்கிறேன்.

ஏன் செய்தேன் என்று ஆலோசகர் கேட்டால் காரணம் சொல்ல வேண்டுமே என்று யோசித்துப் பார்த்தேன். பர்மா நூடுல்ஸ் நன்றாக இருக்கிறது. அந்த நூடுல்ஸைத்தான் நம் ஊரில் பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ என்று நின்றுகொண்டு சாப்பிடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

நூடுல்ஸ் இல்லை. அவள் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

11 மே, சனி

நாசமாக்கிவிட்டேன்.

ஆரம்பம் நன்றாக இருந்தது. சுகந்தி கத்தரிப்பூ நிறச் சேலை கட்டி வந்திருந்தாள். சின்ன வயதில் மாடிப்படியில் விழுந்த கதையை, விழுந்த மாதிரியே நடித்துக் காட்டினாள். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வந்தது இது:

"போன மாசத்துக்கு இன்னிக்கு நீ நல்லா பேசற."

அவள் கையில் இருந்த டிம்சம் சாஸுக்குள் விழுந்தது. அதை எடுக்கவில்லை.

"எவ்வளவு குடுத்தீங்க?" என்றாள். பொதுவான, சென்னைப் பேச்சு. "அஞ்சுக்கு நாலா?"

"அப்படி இல்ல சுகந்தி..."

"கீழ வாட்ச் ஓடுதா?"

ஓடிக்கொண்டிருந்தது. அமுக்கி நிறுத்தினேன். அந்தச் சின்னச் சத்தம் அவளுக்குக் கேட்டுவிட்டது. மெழுகுவத்தி வருவதற்குள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மாம்பழச் சோற்றை நான் பார்சல் கட்டி வாங்கி வந்தேன். ஃபிரிட்ஜில் இருக்கிறது.

14 மே, செவ்வாய்

இன்னும் ஃபிரிட்ஜில்தான் இருக்கிறது.

8 ஜூன், சனி

செய்தி அனுப்பியிருந்தேன். அவள் பதில் போடவில்லை. ஆனாலும் மேசை பதிவு செய்து, சட்டையை இஸ்திரி போட்டு, பன்னிரண்டரைக்குப் போய் உட்கார்ந்தேன். ஒன்று பத்துக்கு எஸ்தர் எதிர் நாற்காலிக்கு முன்னால் இருந்த தட்டை எடுத்தார். எடுத்தவர் அங்கேயே நின்றார்.

"சார், இன்னிக்கு மெழுகுவத்தி வேண்டாம்ல?"

"வேண்டாம்மா."

"ஒண்ணு சொல்லட்டுமா? நீங்க ரகசியமா பாக்க வந்த ஆளுன்னு எங்களுக்கு பிப்ரவரியிலயே தெரியும். மேசைக்கு அடியில வாட்ச்ச அமுக்குற ஆளு வேற யாரு இருப்பா? அந்தக் கம்பெனி இனிமே வராதுன்னு மார்ச்சுல மேனேஜர் சொன்னாரு. அப்புறமும் நீங்க வந்தீங்க. மாசா மாசம் கல்யாண நாளு. நாங்க பாருல பந்தயமே கட்டினோம் சார்."

"என்ன பந்தயம்?"

"அத விடுங்க சார். நான் ஜெயிப்பேன்னு இன்னும் நெனச்சிட்டுதான் இருக்கேன்."

சூப் கொடுத்தார். நான் ஆர்டர் செய்யவில்லை. நன்றாக இருந்தது. ஐந்துக்கு எத்தனை என்று யோசிக்கவே இல்லை என்பதைச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் கவனித்தேன்.

3 ஜூலை, புதன்

மனுவின் நகலை வக்கீல் அனுப்பியிருக்கிறார், 19-ஆம் தேதிக்கு முன்பு ஒருமுறை படித்து வைத்துக்கொள்ளச் சொல்லி. ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன். எழுத்து ஜனவரியில் இருந்ததைவிட இன்னும் சிறுத்துவிட்டது.

7 ஜூலை, ஞாயிறு

சுகந்தி போன் செய்தாள். "சனிக்கிழமை பன்னிரண்டரைக்கு வாங்க. நான் டேபிள் சொல்லிட்டேன். கல்யாண நாள்னு சொல்லல."

"சரி" என்றேன். வைத்துவிட்டாள். பத்தொன்பதாம் தேதிக்கு முன்னால் நாகரிகமாக விடைபெற்றுக்கொள்ள நினைக்கிறாள். நியாயம்தான். எனக்குப் பயமாக இருக்கிறது. நாற்பத்தைந்து வயது ஆள், ஒரு நூடுல்ஸ் கடைக்குப் போகப் பயப்படுகிறேன்.

13 ஜூலை, சனி

எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். என் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"வாட்ச் எங்க?"

"பேட்டரி தீந்துபோச்சு."

"பொய்."

"ஆமா. வீட்டுல வச்சுட்டு வந்தேன்."

எஸ்தர் தூரத்தில் நின்றுகொண்டார். மெனுவைக்கூடக் கொண்டுவரவில்லை. சுகந்தி பையிலிருந்து ஒரு கண்ணாடிக் கூடு எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"போடுங்க."

"எனக்கு எதுக்கு? நான் நாளெல்லாம் பிரேக் கட்டையில மயிரிழை விரிசல் பாக்கற ஆளு."

"லென்ஸ் வச்சுப் பாக்கீய. இங்க லென்ஸ் இல்லல்லா?" சட்டென்று திருநெல்வேலிக்குப் போய்விட்டாள். "ரெண்டு சாப்ஸ்டிக் நீளம் தள்ளிப் பிடிக்கீய அந்த அட்டைய. ஒரு சாப்ஸ்டிக் இருபத்திமூணு சென்டிமீட்டர். மாசா மாசம் அளந்தேன். அவ்வளவு தள்ளிப் பிடிச்சும் சாஸ ஆர்டர் பண்ணுதீய. ஒண்ணரை பவர். போடுங்க."

போட்டேன். அவள் கைகாட்ட, எஸ்தர் மெனுவைக் கொண்டுவந்தார். கறுப்பு அட்டையில் பொன்னிற எழுத்து அச்சடித்த மாதிரி நின்றது. அச்சடித்ததுதானே. 'தொட்டுக்கொள்ள' என்று ஒரு தலைப்பு, அதற்குக் கீழே ஆறு சாஸ்கள், கைக்குழந்தைக்குக்கூடப் புரிகிற மாதிரி. ஐந்து மாதமாக வெளிச்சத்துக்கு நான் கொடுத்த மதிப்பெண்களை நினைத்துக்கொண்டேன்.

"மார்ச்சுலேர்ந்து ஆய்வு கிடையாதுன்னு எனக்கும் தெரியும்" என்றாள். "தம்பதின்னு பதிஞ்சா ரெண்டு பேருக்கும்தான் தகவல் சொல்லுவாங்க. அந்தப் பொண்ணு உங்களுக்குப் போன் பண்ணிட்டு நேரா எனக்குத்தான் பண்ணுச்சு."

"அப்புறம் ஏன் வந்த?"

பையிலிருந்து மனுவின் நகலை எடுத்தாள். என்னிடம் ஃபிரிட்ஜ் மேல் இருப்பதும் அதேதான்.

"இதப் படிங்க. ஜனவரியில படிக்கலேல்லா. இப்பப் படிங்க."

படித்தேன். முதல் பக்கம் பெயர், முகவரி, சரி. இரண்டாவது பக்கம். 'மனுதாரர்கள் இருவருக்கும் பாளையங்கோட்டையில் 09.09.2021 அன்று திருமணம் நடைபெற்றது. குழந்தைகள் இல்லை.' அந்த இரண்டாவது வரியை நான் வேகமாகத் தாண்டிவிடுவேன், எப்போதும். அதனால் முதல் வரிக்கே திரும்பினேன். என் விரல் தானாக அந்த இடத்தைத் தட்டியது. தொழிற்சாலையில் கழித்துக்கட்ட வேண்டிய பொருளை இப்படித்தான் தட்டுவேன்.

"தப்பு" என்றேன். "வருஷம் தப்பு. 2012-ஐ 2021-ன்னு அடிச்சிருக்கான். ஒன்பது வருஷத்த முழுங்கிட்டான் சுகந்தி. இது செல்லாது. திருப்பி அடிக்கணும்."

"தெரியும்."

"எப்போ பாத்த?"

"ஜனவரியில. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி."

"சொல்லவே இல்லையே!"

"நீங்க சொல்லுவீயன்னு இருந்தேன்" என்றாள். குரல் உடைந்தது. சரிசெய்துகொண்டு பேசினாள். "தோசை ஓரத்துல ஒரு நூல் கூடினா தெரியுத மனுஷன். இது கண்ணுல படாமப் போவுமா? பாத்த ஒடனே பேனாவக் கீழ வச்சுட்டு, திருப்பி அடிச்சுக் கொண்டாங்கம்பீய. வக்கீலு இழுத்தடிப்பாரு. ஒரு மாசம் ஆவும். அந்த ஒரு மாசம் கெடைச்சாப் போதும்னு நெனச்சேன். நீங்க என்னடான்னா மடமடன்னு போட்டுட்டு மூடியையும் மூடிக் குடுக்கீய. உலகத்துல எல்லாத்துலயும் தப்புக் கண்டுபிடிக்கிற ஆளு, என்னை விடுறதுல மட்டும் ஒரு தப்பும் பாக்கலியேன்னு இருந்துச்சு. பெரம்பூர் வரைக்கும் பஸ்ஸுல அழுதுட்டே போனேன்."

தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தேன். பேசினால் ஏதாவது ஒப்பிட்டுத் தொலைப்பேன்.

"அப்புறம் பிப்ரவரியில நீங்க கைத்துண்டத் தின்னீய" என்றாள். அழுகையிலேயே சிரிப்பும் வந்துவிட்டது. "அப்பந்தான் தெரிஞ்சுது. இந்த ஆளு வேணும்னு படிக்காம விடல, இவருக்குக் கண்ணு தெரியல. தெரியலன்னு சொல்ல வாயும் வரல. அதான் மாசா மாசம் வந்தேன், நெசந்தானான்னு அளந்து பாக்க."

"மே மாசம் நான் அப்படிச் சொன்னதுக்கு..."

"அதுக்குத்தான் ஜூன்ல வரல. வேணும்னுதான் வரல. நீங்க தனியா வந்து உக்காந்திருந்தீயன்னு எஸ்தர் போன் பண்ணுனா."

என் மிடுக்கு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நான் அழுதேன் என்று எழுத வேண்டியதில்லை. கண்ணாடி புதுசு, பழக்கமில்லை. கழற்றித் துடைக்கத் துணி தேடினேன். எஸ்தர் ஒரு வெள்ளை மாத்திரையைத் தட்டில் வைத்து, இந்த முறை நானே பார்க்கும்படி வெந்நீரை ஊற்றிவிட்டுப் போனார்.

"சுகந்தி, தப்பா போட்டுட்டேன். கையெழுத்த. வீட்டுக்கு வா" என்றேன். பதினோரு வருடத்தில் நான் எந்தப் புள்ளிவிவரமும் சேர்க்காமல் பேசிய வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும்.

"நாளைக்கே பெட்டியத் தூக்கிட்டு வந்துருவேன்னு நினைக்காதீய. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை பாப்போம். வக்கீல்கிட்ட 19-ஆம் தேதி வரலைன்னு நானே சொல்லுதேன்." மனுவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "இது எங்கிட்ட இருக்கட்டும். இனி ஒரு மார்க் போட்டீய, அந்த வருஷத்த நானே திருத்திக் குடுத்துருவேன்."

பிறகு டிம்சம் வந்தது. சாப்பிட்டோம். எப்படி இருந்தது என்று எழுதப் போவதில்லை.

16 ஜூலை, செவ்வாய்

வக்கீல் என்னைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். இருவரும் வராவிட்டால் மனு அப்படியே கிடக்கும் என்றார். கிடக்கட்டும் சார் என்றேன். தேதி தப்பாக இருப்பதைச் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. எவ்வளவு பெரிய தப்பு! பதினாறு வருட சர்வீஸில் நான் கண்டுபிடித்துச் சொல்லாமல் விட்ட முதல் தப்பு.

19 ஜூலை, வெள்ளி

பதினொன்று நாற்பதுக்குத் தொழிற்சாலையில் இருந்தேன். லென்ஸை மேசையில் வைத்துவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டினேன். என் கையெழுத்துக்குப் பக்கத்தில் என் கையாலேயே எட்டுத் தப்புகள். யாரிடமும் சொல்லவில்லை.

ஃபிரிட்ஜில் இருந்த மாம்பழச் சோற்றை ஒருவழியாகக் கொட்டினேன்.

மாலையில் டாமரின்ட் டைகருக்குப் போன் செய்தேன். எஸ்தர்தான் எடுத்தார். "செப்டம்பர் ஒன்பது, திங்கட்கிழமை, மத்தியானம், ரெண்டு பேர்" என்றேன். "கல்யாண நாள்."

மறுமுனையில் சிரிப்பை அடக்குவது கேட்டது. "எழுதிக்கிட்டேன் சார். இந்த வருஷத்துல இது எத்தனாவது சார்?"

"முதலாவது" என்றேன்.